ஞாயிறு மாலைச் சம்பாஷணைகள்

மழை விட்ட ஒரு காலை வேளையில், பரணில் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்த என் மருமகள், பழைய வேட்டியில் பொதிந்து கட்டியிருந்த பாய்ச் சுருள் ஒன்றை இறக்கிக் கூடத்தில் வைத்து, "மாமா, இது வேணுமா, இல்ல ஒழிச்சுப் போட்டுரலாமா?" என்று கேட்டாள். கட்டை அவிழ்த்து விரித்ததும் எழுந்த கோரை வாசனை, எங்கள் பழைய பாளையங்கோட்டை வீட்டின் முற்றத்தையும், அந்த முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் கூடிய மனிதர்களையும், வெற்றிலையும் மூக்குப்பொடியும் விபூதியும் கலந்து அவர்களிடமிருந்து வீசிய நெடியையும் ஒருசேரக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

அது பத்தமடைப் பாய். என் தாய் தந்தையரின் விவாகத்துக்காக நெய்வித்தது. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை அறுத்துக் கீறிக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாட்கணக்கில் ஊறப் போட்டு, அது பருத்து மிருதுவான பின்பு மறுபடியும் மெல்லிய இழைகளாக வகிர்ந்து, நூலைப் பாவாக ஓட்டி நெய்கிற அந்த நுட்பமான தொழிலைத் தலைமுறைகளாகப் பேணி வருபவர்கள் பத்தமடையில் உள்ள முஸ்லிம் குடும்பத்தார். மணமக்கள் பெயரைப் பாயிலேயே எழுத்தாக நெய்து கொடுப்பதும் அவர்கள் வழக்கம். சைவக் குடும்பத்து மணவறைக்குரிய மங்கலப் பொருளைத் தொழுகை தவறாத ஒரு வீட்டார் நெய்து தருவது இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் பிரஸ்தாபத்துக்குரிய விஷயமாகத் தோன்றியதே இல்லை. என் தாயாருக்கிருந்த மனத்தாங்கல் வேறு விதமானது. "கல்யாணப் பாயில ஊரார் எல்லாரையும் உக்கார வச்சுக் கம்பராமாயணம் பேசுதாக. என் பேருக்கு மேல உக்காந்துக்கிட்டு வெத்தலை போடுதாக" என்று அடுக்களையிலிருந்து சொல்லிக்கொண்டே, அந்த ஊராருக்காகவே ஒரு பெரிய செம்பில் காப்பி கலந்துகொண்டிருப்பாள்.

தந்தையார் இந்தச் சபையைச் சுயமாகக் கற்பித்துக்கொண்டவரல்லர். இளமையில் அவர் ஜில்லாக் கோர்ட்டில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, திருநெல்வேலி டவுனில் ஒண்டுக்குடியாக இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் சலவை வேட்டி கட்டிக்கொண்டு, சுலோசன முதலியார் என்ற தனவான் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு 1843-இல் கட்டுவித்த ஆற்றுப்பாலத்தைக் கடந்து, வண்ணார்பேட்டைக்கு நடந்து போவாராம். அங்கே ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் அவர்களின் இல்லத்தில் வட்டத்தொட்டி கூடும். வீட்டின் தொட்டிக்கட்டில் கூடியதால் அந்தப் பெயர் ஏற்பட்டதே தவிர, அதற்குத் தலைவரில்லை, செயலாளரில்லை, சந்தாவில்லை, தீர்மானமில்லை. டி. கே. சி. சட்டம் படித்தவர், சட்டசபையில் இருந்தவர், அறநிலையத் துறையில் கமிஷனர் பதவி வகித்தவர். ஆயினும் திருநெல்வேலிக்கு அவர் அந்தத் தகுதிகள் எவற்றாலும் அறிமுகமானவரல்லர். ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அதை ஒரு தரம் சொல்லி, மறுபடி சொல்லி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, அருகிலிருப்பவருடைய முழங்காலைத் தட்டி, அந்தப் பாட்டு தன்னுடைய அர்த்தத்தைத் தானே வாய்விட்டுச் சொல்லும்வரை விடாமல் சொல்லிக்கொண்டிருப்பவர் என்பதே அவரைப் பற்றி ஊர் அறிந்தது. மாலை முழுவதும் ஒரே பாட்டில் கழிந்துபோன நாட்கள் உண்டென்று தந்தையார் சொல்லுவார்.

நீதிபதி எஸ். மகாராஜன், தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான், 'நாணல்' என்ற புனைபெயரில் கவிதை எழுதிய அ. சீனிவாசராகவன், மீ. ப. சோமு ஆகியோர் எல்லாம் அந்த ரசனையில் ஊறி வளர்ந்தவர்கள். ராஜாஜியும் கல்கியும் ரசிகமணியிடம் கொண்டிருந்த சிநேகம் நாடறிந்தது. கம்பன் பாடல்களில் பல இடைச்செருகல் என்று அவர் தள்ளியதும், சிலவற்றைத் தம் செவிக்கு இசையத் திருத்தியதும் பண்டிதர்களுக்குச் சகிக்கவில்லை; அவர்களுடைய கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஏட்டுச் சுவடி சொல்வதைக் காது சொல்வதற்காகத் தள்ளிவிடுவது அபாயகரமான காரியந்தான். ஆனால் அப்படிப்பட்ட ஒரு காதை நம்பி, படித்தவரும் படியாதவரும் ஒரே முற்றத்தில் உட்கார்ந்து கம்பனைக் கேட்டார்கள் என்பதும் வாஸ்தவம்.

வட்டத்தொட்டியில் கடவுள் உண்டா இல்லையா என்ற கேள்வியை ஒருவரும் எழுப்பியதாகத் தந்தையாருக்கு ஞாபகமில்லை. நெற்றியில் எதுவும் இல்லாமல் வந்தவரும் உண்டு, பட்டை பட்டையாக இட்டுக்கொண்டு வந்தவரும் உண்டு. பாட்டில் பாவம் சரியாக விழுந்ததா என்பதே அங்கு எல்லோரையும் நிறுத்துப் பார்த்த தராசு. இதைத் தந்தையார் மிகப் பெருமையாகச் சொல்லுவார். பெருமை அதிகமாகிப் போன ஒரு மாலையில்தான் என் தாயார் குறுக்கிட்டாள்.

ரசிகமணியின் ஒரே புதல்வர் தீத்தாரப்பன் இளம் பிராயத்தில் காலமானபோது, கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஓர் இரங்கற் பாடல் எழுதியனுப்பினார் என்றும், புத்திர சோகத்தின் நடுவிலும் அந்தப் பாடலின் அழகில் ரசிகமணி தம்மை மறந்துவிட்டார் என்றும் திருநெல்வேலியில் இன்றும் சொல்லுவார்கள். தந்தையார் அந்தச் சம்பவத்தைக் கண்கள் பனிக்க விவரித்து முடித்தார். சபை மெளனமாக இருந்தது. காப்பிச் செம்புடன் வந்த தாயார் நிலைப்படியிலேயே நின்று, "அது எப்படி முடியும்? பெத்த மனசு பாட்டைக் கேக்குமா?" என்றாள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. "பாட்டு நல்லா இருந்துதுன்னா இன்னும் கூடல்லா அழுகை வரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு ரசிகமணியைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றுள் மிகவும் ரசனையோடு சொல்லப்பட்டது அதுதான் என்று, தாயார் காதில் விழாத தூரத்தில், பேராசிரியர் தந்தையாரிடம் சொன்னார்.

பேராசிரியர் என்று நான் குறிப்பிடுபவர் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பித்தவர். ரசிகமணி குற்றாலவாசியாகி, 1954-இல் அவர் மறைந்த பின்னர், பாளையங்கோட்டையில் சொந்த வீடு கட்டிக்கொண்டிருந்த தந்தையார் தம் முற்றத்தில் பாயை விரித்தபோது முதலில் வந்து உட்கார்ந்தவர் அவர். இரண்டாமவர் ஆழ்வார்திருநகரியைச் சேர்ந்த, பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் ஐயங்கார் வாத்தியார். அவரை எல்லோரும் 'சார்வாள்' என்றே அழைப்பார்கள். மூன்றாமவர் தபால் ஆபீஸ் அண்ணாச்சி. பொதுவுடைமைக் கட்சியின் அனுதாபி. சட்டைப் பையில் எப்போதும் ஏதாவது ஒரு துண்டுப் பிரசுரம் எட்டிப் பார்க்கும். மேலப்பாளையத்து ஜவுளி வியாபாரி ஒருவர் மாதத்துக்கு ஒரு முறை வருவார். மற்றவர்கள் வந்து போகிறவர்கள். எனக்கு அங்கே உத்தியோகம், பாயின் மூலையில் உட்கார்ந்து வெற்றிலைத் தட்டை நகர்த்துவது.

ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்குச் சில தினங்கள் இருக்கும்போது, பேராசிரியர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தைக் கொண்டுவந்தார். கிருஷ்ண பிள்ளை திருநெல்வேலிக்கு அருகே கரையிருப்பில் 1827-இல் வைணவ வேளாளர் குலத்தில் பிறந்து, பிள்ளைப் பருவத்திலேயே கம்பராமாயணத்தில் திளைத்து, முப்பது வயதைக் கடந்த பிறகு கிறிஸ்தவரானவர். ஆங்கில நாட்டில் பனியன் எழுதிய மோட்ச யாத்திரைக் கதையைத் தழுவி அவர் பாடிய காவியம் 1894-இல் வெளிவந்தது. பேராசிரியர் கிறிஸ்து பெருமானின் பாடுகளைச் சொல்லும் விருத்தங்களை வாசிக்க ஆரம்பித்தார். அவருக்கு நல்ல குரல். மாதா கோயிலில் பழகிய குரலில்லை, தமிழ் வித்துவான்களிடம் பழகிய குரல். சார்வாள் கண்ணை மூடிக்கொண்டு முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தவர், ஒரு செய்யுளின் ஈற்றடி வருவதற்கு முன்பாகவே அதன் முடிப்பைத் தாமாக முணுமுணுத்தார். பேராசிரியர் வாசித்ததும் ஏறக்குறைய அதுவே. அந்த நூலைச் சார்வாள் அதற்கு முன் கண்ணால் பார்த்தவரல்லர்.

"ஓய்," என்றார் சார்வாள், கண்ணைத் திறக்காமலே, "இவர் பெருமாளை விட்டுட்டுப் போனார். சரி. கம்பனை விட முடியலியே!"

"விடணும்னு அவர் நினைச்சதாத் தெரியலியே, சார்வாள்," என்றார் பேராசிரியர். "வீட்டுல இருந்ததை எல்லாம் எடுத்துக்கிட்டுத்தானே போயிருக்கார்."

சார்வாள் சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்போ எங்காத்துச் சொத்துன்னு சொல்லும். இன்னொரு தரம் வாசியும்" என்றார். அதே பத்துப் பாடல்கள் மறுபடியும் வாசிக்கப்பட்டன. மத சம்பந்தமான விவாதங்களை நான் பிற்காலத்தில் எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறேன். ஒரு தரப்பார் எதிர்த் தரப்பாரைப் பார்த்து, இன்னொரு தரம் வாசியும் என்று கேட்டதை வேறெங்கும் கண்டதில்லை.

இதற்கு ஈடாக மேலப்பாளையத்து வியாபாரி அடுத்த தடவை சீறாப்புராணத்தை எடுத்துவந்தார். எட்டயபுரத்தோடு சம்பந்தப்பட்ட உமறுப் புலவர் நபிகள் நாயகத்தின் சரிதத்தைக் காவியமாகப் பாடப் புகுந்தபோது, காவிய மரபை அநுசரித்து, மலையில் மேகம் கவிவதும், மழை பொழிவதும், வெள்ளம் திரண்டு வயல்களில் பாய்வதுமாகவே நாட்டைத் தொடங்குகிறார். சார்வாள் விடவில்லை: "அரபு தேசத்துல ஏது ஓய் இவ்வளவு வெள்ளமும் வயலும்?" வியாபாரி சிரித்துக்கொண்டே, "புலவர் கண்ணால பாத்த வெள்ளம் இதுதானே, சாமி. ரசூலுல்லா பொறந்த மண்ணுக்கு நம்மால ஆனது ஒரு ஆத்தைக் கொடுப்போம்னு கொடுத்திருக்காரு" என்றார். அந்தப் பதிலைத் தபால் ஆபீஸ் அண்ணாச்சி வெகுநாள் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். கடவுள் நம்பிக்கை அற்றவர் அவர் என்பதை இவ்விடத்தில் நினைவுபடுத்த வேண்டும்.

அண்ணாச்சி விஷயத்தில் எனக்கு எப்போதும் ஓர் ஆச்சரியம் உண்டு. தேவாரத்திலும் திருவாசகத்திலும் அவருக்குத் தெரிந்த அளவு எங்கள் வீட்டாருக்கே தெரியாது. காரணம் கேட்டால், எதிரியின் ஆயுதங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டாமா என்பார். ஆனால் ஆயுதத்தைச் சொல்லும்போது அவருடைய குரல் தழுதழுக்கும். அவருக்கு லட்சிய புருஷர் தொ. மு. சி. ரகுநாதன். கைத்தறி நெசவாளர்களின் துயரத்தைப் 'பஞ்சும் பசியும்' என்ற நாவலாக எழுதியவர், மாக்ஸிம் கார்க்கியின் 'தாய்' நாவலைத் தமிழாக்கியவர், புதுமைப்பித்தனின் வரலாற்றை நட்பின் உரிமையோடு எழுதிவைத்தவர் அவர். அந்த ரகுநாதனின் தமையனார்தான் வட்டத்தொட்டி பாஸ்கரத் தொண்டைமான். உத்தியோக நிமித்தம் தஞ்சாவூருக்குச் சென்ற இடத்தில், கேட்பாரற்றுக் கிடந்த சோழர் காலத்துச் சிலைகளையும் செப்புத் திருமேனிகளையும் தேடித் திரட்டி, அரண்மனையில் 1951-இல் கலைக்கூடம் அமையக் காரணமானவர். வேங்கடம் முதல் குமரி வரை கோயில் கோயிலாகச் சென்று எழுதியவர். ஒரே வீட்டில் தமையன் தெய்வத் திருமேனிகளைத் தேடிப் போக, தம்பி நெசவாளியின் தறிக்குழியைத் தேடிப் போனார். எங்கள் சபையில் தந்தையாருக்குத் தமையன், அண்ணாச்சிக்குத் தம்பி. இருவரும் தத்தம் கட்சிக்காக எவ்வளவு உக்கிரமாகப் பேசினாலும், இடையில் யாராவது ஒரு சகோதரரைக் குறைத்துப் பேசிவிட்டால் இருவரும் சேர்ந்து அவர் மேல் பாய்ந்துவிடுவார்கள்.

புதுமைப்பித்தனைப் பற்றிய தகராறு இதைவிடச் சுவாரஸ்யமானது. கடவுள் சென்னைப் பட்டணத்தில் வந்திறங்கி, கந்தசாமிப் பிள்ளையோடு ஹோட்டலில் காப்பி சாப்பிட்டு, அவர் நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தா கட்டிவிட்டுப் போகிற கதையை எழுதினாரே, அவர் ஆஸ்திகரா நாஸ்திகரா என்பதே கேள்வி. அண்ணாச்சி, இதைவிடப் பெரிய நாஸ்திகம் உண்டா என்றார். சார்வாள், "நாஸ்திகனா இருந்தா ஸ்வாமியைத் தெருவிலேயே விட்டுட்டு வந்திருப்பானே! ஆத்துக்கு அழைச்சுண்டு போய்க் குழந்தையோட விளையாட விட்டிருக்கானே, ஓய்! இது பெரியாழ்வார் பண்ணின காரியம்" என்றார். அண்ணாச்சிக்கு வாயடைத்துப் போயிற்று. தந்தையாரோ, அந்தக் கதையில் தெய்வ நிந்தனை இருக்கிறதோ இல்லையோ, திருநெல்வேலிப் பிள்ளைமாரைப் பற்றிய நிந்தனை நிச்சயமாக இருக்கிறது என்று சொல்லி எழுந்துவிட்டார். ஜீவிய சந்தா என்றால் யாருடைய ஜீவியம் என்று கடவுளுக்கும் பிள்ளைக்கும் நடக்கிற விவகாரம் எங்கள் வீட்டில் அதற்குப் பின் பழமொழியாகிவிட்டது. பால்காரரிடம் கணக்குத் தீர்க்கும்போதுகூடத் தாயார் அதைச் சொல்லுவாள்.

சார்வாளின் ஊருக்கு ஒரு வைகாசி மாதம் தந்தையார் என்னையும் அழைத்துக்கொண்டு போயிருந்தார். நம்மாழ்வார் பதினாறு ஆண்டுகள் வாய் பேசாது வீற்றிருந்ததாகச் சொல்லப்படும் புளியமரத்தைச் சுற்றி வந்தோம். கூம்புக் குல்லாய் தரித்து, கைத்தாளத்தோடு அரையர் நின்று பாசுரத்தைப் பாடி அபிநயிக்கும் சேவையைப் பற்றிச் சார்வாள் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். திரும்பும்போது ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கினோம். ஐந்து வயது வரை ஊமையாக இருந்து, திருச்செந்தூர் முருகன் அருளால் பேசத் தொடங்கியவர் என்று கொண்டாடப்படும் குமரகுருபரர் பிறந்த ஊர் அது. ஒரே ஆற்றின் கரையில், நடந்தே போய்விடக் கூடிய தூரத்தில், பேசாத குழந்தைகள் இருவர். ஒருவர் வைணவத்துக்குத் திருவாய்மொழி தந்தார், மற்றவர் காசி வரை சென்று சைவ மடம் ஸ்தாபித்தார். "ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வந்து பேசுதோமே, நாம எல்லாம் என்ன எழுதிக் கிழிச்சோம்?" என்று தந்தையார் ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார். சார்வாள், "பேசாதவாளுக்கு எழுத நேரம் இருந்தது" என்றார்.

நான் வாலிபப் பிராயத்தை அடைந்து, வாரப் பத்திரிகை ஒன்றுக்கு ஊர்ச் செய்திகளும் கலைஞர் பேட்டிகளும் எழுதியனுப்பத் தொடங்கியபோது, எங்கள் முற்றத்தில் கேட்ட பேச்செல்லாம் என் தலையில் ஏறியிருந்தது. ஆகவே எந்தக் கலைஞரைப் பார்த்தாலும் பக்தியைப் பற்றியும் கலையைப் பற்றியும் கம்பீரமாக ஒரு கேள்வி கேட்பேன். காருகுறிச்சி அருணாசலம் 1964-இல் அற்பாயுளில் மறைந்துபோய் அப்போது சில ஆண்டுகள் ஆகியிருந்தன. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடராகிய அவருடைய வாசிப்பைச் சேரன்மகாதேவிக்கு அப்பால் ஆற்றோரத்துக் கிராமங்களில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போய்க் கேட்டவர்கள் அநேகர் உயிரோடு இருந்தார்கள். அந்தக் கிராமங்களில் ஒன்றில், கோயில் மேளம் வாசிக்கும் முதிய நாதஸ்வர வித்துவானைப் போய்ப் பார்த்தேன். அர்த்தஜாமம், பிராகாரத்தில் ஒரே விளக்கு, பள்ளியறைக்கு முன்னால் அவர் நீலாம்பரி வாசித்துக்கொண்டிருந்தார். அர்ச்சகர் சாவிக் கொத்தோடு காத்திருந்தார். என்னைத் தவிரக் கேட்பவர் ஒருவருமில்லை. முடிந்ததும், வாத்தியத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தவரிடம், "தினந்தோறும் ஆளில்லாத பிராகாரத்தில் இப்படி உருகி வாசிக்கிறீர்களே, யாருக்காக வாசிக்கிறீர்கள்?" என்று கேட்டேன். ஸ்வாமிக்காக என்று அவர் சொல்லப் போகும் பதிலை மனத்துக்குள் எழுதியே வைத்துவிட்டேன்.

அவர் சீவாளியை எடுத்து விளக்கில் பார்த்துக்கொண்டே, "தவுல்காரனுக்குத்தான் தம்பி" என்றார். "நான் அசந்தா அவன் தூங்கிருவான். அவன் தூங்கினா நான் எங்கயாவது போயிருவேன். சாமி பாட்டுக்குச் சாமி இருக்கும்." தவில்காரர் பக்கத்திலிருந்து, "அவுக ஒரு நாளும் அசரலை, நானும் ஒரு நாளும் தூங்கலை" என்று சாட்சி சொன்னார். இதை நான் பத்திரிகைக்கு எழுதவில்லை. வாசகர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று அப்போது எண்ணினேன். சார்வாளிடம் சொன்னபோது அவர் மட்டும், "இதைவிட ஆஸ்திகமா யாரால பதில் சொல்ல முடியும்?" என்று கேட்டார்.

இப்போது அந்தக் கோயிலில் பூஜை வேளைக்கு மின்சார மோட்டாரில் ஓடும் முரசும் மணியும் வைத்திருக்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது அசருவதுமில்லை, தூங்குவதுமில்லை. வட்டத்தொட்டி பழங்கதையாகிவிட்டது. எங்கள் முற்றத்தின் மேல் தளம் போட்டு இரண்டு அறைகளாகத் தடுத்தாயிற்று. ஆயினும், பேச்சு மறைந்துவிட்டதென்று புலம்புகிற கூட்டத்தில் நான் சேர மாட்டேன். 2022-இல் அரசாங்கமே முன்னின்று பொருநை இலக்கியத் திருவிழா என்று ஒன்றைப் பாளையங்கோட்டையில் நடத்தியபோது போயிருந்தேன். வண்ணதாசனையும் கலாப்ரியாவையும் படித்து வளர்ந்த பிள்ளைகள், தந்தையார் காலத்து ரசிகர்களைவிட அதிகம் வாசித்தவர்கள், அரங்கு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். குறை ஒன்றுதான்: மேடையில் பேசுகிறவரை இடைமறித்து, இன்னொரு தரம் வாசியும் என்று சொல்ல அங்கே வழியில்லை. காப்பிச் செம்போடு நிலைப்படியில் வந்து நிற்கவும் ஆளில்லை.

கல்லூரி மாணவி ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இடைவேளையில், என் தலை நரையைக் கண்டு மரியாதையாக, "ஐயா, ஒரு படைப்பாளிக்கு நம்பிக்கை துணையா இருக்குமா, தடையா இருக்குமா?" என்று கேட்டாள். என் வாலிபப் பிராயத்துக் கேள்வி வேறொருவர் வாயில்! அவளுக்கு நான் சொரிமுத்து அய்யனார் கோயிலில் கேட்ட பேச்சைச் சொன்னேன்.

பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றுக் கரையில், காட்டுக்குள் இருக்கிறது அந்தக் கோயில். ஆடி அமாவாசைக்கு ஜனங்கள் முன்னெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு போய், குடில் போட்டு நாட்கணக்கில் தங்குவார்கள். இப்போது அது புலிகள் காப்பகத்துக்குள் அடங்கிவிட்டபடியால், எத்தனை நாள் தங்கலாம், எதைக் கொண்டு போகலாம் என்பதற்கெல்லாம் வனத்துறையார் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அங்கே பட்டவராயன் சந்நிதியில் பக்தர்கள் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுவார்கள். மறு ஆண்டு பார்த்தால் அது தேய்ந்து, நடந்த அடையாளத்தோடு இருக்கும் என்பது நம்பிக்கை. பட்டவராயன் என்பவர் முத்துப்பட்டன். பிராமண குலத்தில் பிறந்து, செருப்புத் தைக்கும் குலத்தைச் சேர்ந்த வாலப்பகடையின் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் காதலித்து, பூணூலைக் கழற்றிவிட்டுச் செருப்புத் தைக்கப் பழகி அவர்களை மணந்து, மாடு கவர வந்த கள்ளரோடு போரிட்டு மாண்டவர். நாங்குநேரியில் பிறந்து பாளையங்கோட்டையில் வாழ்ந்த மார்க்ஸிய ஆராய்ச்சியாளர் பேராசிரியர் நா. வானமாமலை, நெல்லை ஆய்வுக் குழுவை அமைத்து, 'ஆராய்ச்சி' என்ற பத்திரிகையை நடத்தியவர், இந்தக் கதைப்பாடலையும் பதிப்பித்தார். அண்ணாச்சி அந்தப் புத்தகத்தை என் கையில் கொடுத்து, "போய்ப் பாட்டாக் கேட்டுட்டு வா" என்று அனுப்பினார்.

கதையில் ஒரு முடிச்சு உண்டு. அந்தப் பெண்கள் உண்மையில் பகடையின் மக்களல்லர். காட்டில் விடப்பட்ட பிராமணக் குழந்தைகளை அவன் எடுத்து வளர்த்தான் என்று ஒரு பாடம் சொல்லுகிறது. மேல்சாதி மனம் நோகாதிருக்கப் பிற்காலத்தில் செருகப்பட்டது அது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. ரசிகமணி கம்பனில் கண்ட இடைச்செருகலைவிடச் சமூகத்துக்கு விபரீதமான இடைச்செருகல்! அன்றிரவு கதை படித்த வில்லுப்பாட்டுப் புலவர், அறுபது வயதுக்காரர், வீசுகோலைச் சுழற்றி வில்லில் அடித்து ஆரம்பித்தவர் விடிகிற வரை ஓயவில்லை. குடம் அடிப்பவரும் உடுக்கைக்காரரும் மாறி மாறிப் பின்பாட்டுப் பாடினார்கள். பெண்கள் பிராமணக் குழந்தைகள் என்ற பகுதி வரவே இல்லை. பகடையின் மக்கள் பகடையின் மக்களாகவே வாழ்ந்து, தீப்பாய்ந்தார்கள். விடியற்காலையில், ஆற்றில் முகம் கழுவிக்கொண்டிருந்த அவரிடம் காரணம் கேட்டேன்.

"அந்தப் பாடமும் எனக்குத் தெரியும் தம்பி. கீழ ஊர்கள்ல கொடைக்குப் போனா, கொடைக்காரங்க எதைக் கேக்காங்களோ அதைப் படிச்சிட்டு வருவேன். நாலு பிள்ளைங்க இருக்குல்லா வீட்டுல."

"இங்கே மட்டும் ஏன் படிக்கவில்லை?"

அவர் சந்நிதிப் பக்கம் தலையை அசைத்து, "இங்க அவரு கேட்டுக்கிட்டு இருக்காருல்லா" என்றார். "அவரு பொஞ்சாதிமாரு யாருன்னு அவருக்குத் தெரியாதா? அவரு முன்னால போய், இல்லய்யா, அவுக வேற ஆளுகன்னு நான் எப்படிப் படிக்க?"

மாணவி குறிப்பேட்டை எடுத்து இதை எழுதிக்கொண்டாள். "அப்போ நம்பிக்கை இருந்ததாலதான் அவர் மாத்தாம பாடினார், நம்பிக்கை இல்லாதவர் அதையே ஆராய்ச்சியால கண்டுபிடிச்சார். ரெண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தான வந்து சேந்திருக்காங்க?" என்றாள். நான் ஆமோதித்தேன். அண்ணாச்சி இருந்திருந்தால் ஆமோதித்திருக்க மாட்டார்; நிச்சயமாக ஒரு மணி நேரம் தர்க்கித்திருப்பார்.

"அவர் பேரு, ஊரு சொல்லுங்க ஐயா, எழுதணும்" என்று கேட்டாள். அதற்கும் புலவர் அன்றைக்கே பதில் சொல்லியிருந்தார். விடைபெறும்போது என் நோட்டுப் புத்தகத்தைக் கவனித்துவிட்டு, "தம்பி, பத்திரிகையில போடுதியளா? போடுங்க. ரெண்டு பாடத்தையும் போடுங்க. எம் பேரை மட்டும் போட்டுராதிய; ஆவணியில கீழ ஊர்ல ரெண்டு கொடை ஒத்துக்கிட்டிருக்கேன்" என்று சொல்லி, உடுக்கைக்காரரை எழுப்பப் போய்விட்டார்.